தலையை எண்ணுவது யார்?

தேவாரத்துக்கும் கடலுக்கும் வெகு தூரம். மேற்கே மலை, சுற்றிலும் தோட்டங்கள், கிணறுகள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடலோர முகாமைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

2009-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் கோடைக்கால முகாம் ஒன்றை நடத்தியது. அங்கே படகு பழகத் தொடங்கிய சிறுமி நேத்ரா குமணன், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார். அந்தப் பந்தயத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

இத்தகைய முகாமில் ஒரு நாள் எப்படிப் போகிறது?

விடிந்ததும் நடத்துபவர் பார்ப்பது வானத்தையும் காற்றையும்தான். காற்று மிஞ்சினால் அன்று படகு இறங்காது. பிள்ளைகளின் முகம் வாடும். கட்டிய பணம் வீண் என்று பெற்றோர் முணுமுணுப்பார்கள். அதற்கெல்லாம் அசையக் கூடாது. "இன்று வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவரே முகாம் நடத்தத் தகுந்தவர்.

காற்று இணங்கினால் வேலை தொடங்கும். முதலில் நீச்சல் சோதனை. பிறகு ஒவ்வொரு பிள்ளையின் மிதவைச் சட்டையையும் இழுத்துப் பார்ப்பார்கள். சிறுவர் படகு எட்டடி நீளம்கூட இராது. அதில் ஏறுவது ஒரே பிள்ளை. படகை வேண்டுமென்றே கவிழ்த்து, மறுபடி நிமிர்த்துவது ஆரம்பப் பாடம். பக்கத்திலேயே மீட்புப் படகு காத்து நிற்கும்.

முக்குளிப்பில் இன்னும் கண்டிப்பு. யாரும் தனியே இறங்கக் கூடாது. ஜோடியாகவே இறங்க வேண்டும். காற்றுக் குப்பி சுமந்து இறங்குபவர் மூச்சை அடக்கவே கூடாது. 33 அடி ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் இரு மடங்கு. மேலே வர வர அடக்கிய மூச்சு விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

துணையோடு இறங்குவது புதிய வழக்கமல்ல. தூத்துக்குடியில் முத்துக் குளித்த காலத்திலும், மூழ்கியவரை மேலே இழுக்கத் தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருந்தார்.

மாலையில் படகைக் கழுவி, பாயை உலர்த்துவார்கள். நீரில் இறங்கும்போதும் கரை ஏறும்போதும் தலைகளை எண்ணுவார்கள்.

விடுமுறையில் நம் பிள்ளைகளும் கிணற்றிலும் ஆற்றிலும் குதிக்கிறார்கள். அங்கே தலையை எண்ணுவது யார்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 43 பேர் 15 வயது நிரம்பாத குழந்தைகள்.

கடலைத் தேவாரத்துக்குக் கொண்டுவர முடியாது. கடலோரக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாம். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தெருப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரட்டும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளட்டும். கிணற்று மேட்டில் நீளமான கயிறும் காற்றடைத்த லாரி டியூபும் எப்போதும் இருக்கட்டும். ஒருவன் தத்தளித்தால் மற்றப் பிள்ளைகள் உள்ளே குதிக்காமல், கயிற்றை வீசிக் கூச்சலிட்டுப் பெரியவர்களை அழைக்கப் பழக்குங்கள்.

பெற்றோர்களே! இதற்குப் பெரிய செலவில்லை. இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.