நேர்காணல் அறைக்கு முன்பே தொடங்கும் ஆயத்தம்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் கேமரன் மலையில் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எத்தனை ஏ?" என்பதுதான். ஆசிரியர் கல்விக் கழகத்திற்கு விண்ணப்பித்தாலும், பொதுச் சேவை ஆணையத்தின் வழி அரசுப் பணியை நாடினாலும், அந்த ஏ-க்கள் நேர்காணல் அறையின் வாசல்வரைதான் பிள்ளையைக் கொண்டு சேர்க்கும். உள்ளே அவன் தனியாகப் பேச வேண்டும். அதற்கு நாம் என்ன பயிற்சி கொடுத்திருக்கிறோம்?

என் முன்னாள் மாணவி ஒருத்தி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சிறப்பாகத் தேர்ச்சி பெற்று, ஆசிரியர் பயிற்சிக்கான நேர்காணலுக்கு அழைக்கப்பட்டாள். "உன்னைப் பற்றிச் சொல்" என்று மலாய்மொழியில் கேட்டிருக்கிறார்கள். பெயர், வயது, படித்த பள்ளி என்று மூன்றே வாக்கியங்களில் முடித்துவிட்டாள். தோட்ட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அடுத்துக் கேட்டபோது, "நன்றாக இருக்கும்" என்றதோடு தலைகுனிந்துகொண்டாள். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

பின்னர் என்னைக் காண வந்தபோது, "தோட்டத்தைப் பற்றிச் சொன்னால் தாழ்வாக நினைப்பார்களோ என்று பயந்துவிட்டேன், டீச்சர்" என்றாள். அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஈராண்டுகள் என் வகுப்பில் இருந்தவள் அவள். கைகட்டி அமைதியாக அமர்ந்திருப்பதையே ஒழுக்கம் என்று அவளைப் பாராட்டியவள் நான்தான்!

அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லையா? ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, இம்மலையின் தேயிலையில் நம் முன்னோரின் உழைப்பு கலந்திருக்கிறது. அவள் தந்தை தேயிலை ஆலைத் தொழிலாளி. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்துத் தரம்பிரிக்கும் படிநிலைகள் அனைத்தையும் அவள் அறிவாள். இதையே நாலாம் ஆண்டு மாணவர்களுக்கு எப்படிப் பாடமாக நடத்துவேன் என்று விளக்கியிருந்தால், கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். சொல்வதற்குச் செய்தி இருந்தது. சொல்லலாம் என்ற துணிவைத்தான் நாம் கொடுக்கவில்லை.

நேர்காணலுக்கென்று விடைகளை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாவது கேள்வியிலேயே மனப்பாடம் உடைந்துபோகும். "குழுவில் பணியாற்றியிருக்கிறாயா?" என்று கேட்டால், "ஆம்" என்பது விடையாகாது. என்ன சூழல், நான் என்ன செய்தேன், என்ன விளைந்தது என்று மூன்று படியாகச் சொல்லப் பழக்க வேண்டும். திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் நடத்திய அனுபவம்கூட இதற்குப் போதும்.

படித்தே தீர வேண்டியவையும் உள்ளன. 1970-இல் பிரகடனப்படுத்தப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள், 1988-இல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவம், விண்ணப்பித்த பணியின் கடமைகள், அன்றைய நாளிதழ்ச் செய்திகள் ஆகியவற்றை அறியாமல் அறைக்குள் நுழையக் கூடாது. சான்றிதழ்களை முதல்நாளே கோப்பில் வரிசைப்படுத்தி வைக்க வேண்டும்.

மலைவாழ் பெற்றோருக்கு இன்னொரு வேண்டுகோள். நேர்காணல் ஈப்போவிலோ குவாந்தானிலோ என்றால், முதல்நாளே பிள்ளையைக் கீழே அழைத்துச் செல்லுங்கள். நான் என் நேர்காணலுக்கு அதிகாலைப் பேருந்தில் தாப்பா சாலையின் வளைவுகளைக் கடந்து, வாந்தியெடுத்துச் சோர்ந்துபோய் அமர்ந்திருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. மழைக்காலத்தில் மண்சரிவால் சாலை அடைபடுவதும் உண்டு.

இருப்பினும், பேச்சுத் துணிவு ஒரே வாரத்தில் வராது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டதால் நமக்குக் கிடைத்த நேரத்தை இதற்குப் பயன்படுத்தலாமே! வாரம் ஒருமுறை ஒவ்வொரு மாணவரும் எழுந்து மூன்று நிமிடம் பேசட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். முதலில் தமிழில், பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழில் கோவையாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்குப் பிறமொழியிலும் அந்த ஒழுங்கு கைகொடுக்கும். பெற்றோர்களே, இரவு உணவின்போது "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்தால் வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். விண்ணப்பிப்போர் பலர், இடங்களோ சில. தோற்ற பிள்ளையைக் கடிந்துகொள்வதும் முறையன்று. ஆனால், வாய் திறக்காமலே ஒரு வாய்ப்பு நழுவுவது வேதனைக்குரியது.

அந்த மாணவி மறு ஆண்டு என்னுடன் பயிற்சி செய்து, பொதுச் சேவை ஆணையத்தின் நேர்காணலுக்குச் சென்றாள். தோட்டத்தைப் பற்றித் தயங்காமல் பேசினாளாம். இன்று அரசு அலுவலகமொன்றில் பணிபுரிகிறாள். ஆசிரியராக வேண்டும் என்ற அவள் ஆசை மட்டும் நிறைவேறவில்லை. அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

நாளை உங்கள் வகுப்பில் மிக அமைதியாக இருக்கும் பிள்ளையை எழுப்பிப் பேசச் சொல்லுங்கள். முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள்.