ரேக்ளா பந்தயம்: கடிகாரம் மட்டும் போதுமா?

"எத்தனை செகண்டு?"

கொங்கு நாட்டில் ரேக்ளா பந்தயம் நடக்கும் இடத்துக்குப் போனால், முதலில் காதில் விழும் கேள்வி இதுதான். எந்த ஊர் மாடு, யாருடைய வண்டி என்பதெல்லாம் அப்புறம்.

மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயம் வேறு மாதிரி. அங்கே பல வண்டிகள் ஒன்றாகப் புறப்படும். சாலையில் பல மைல் ஓடும். முதலில் வந்த வண்டிக்குப் பரிசு.

காங்கயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் அப்படி அல்ல. ஒவ்வொரு வண்டியாகத்தான் ஓடும். மாட்டின் பல்லைப் பார்த்து வயது பிரிப்பார்கள். இளம் மாடுகளுக்குப் பெரும்பாலும் 200 மீட்டர். முதிர்ந்த மாடுகளுக்கு 300 மீட்டர். புறப்படும் கோட்டிலும் முடியும் கோட்டிலும் மின்னணுக் கருவி இருக்கும். அது காட்டும் நேரம்தான் தீர்ப்பு.

அதாவது, இங்கே மாட்டுக்கு எதிரி இன்னொரு மாடு அல்ல. கடிகாரம்!

நல்ல முறைதான். ஒரு வண்டி இன்னொரு வண்டியை மறித்தது என்ற சண்டை இல்லை. ஆனால் இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெரியவர் தொட்ட மண்

காங்கயம் பக்கத்தில் ஒரு பந்தயத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு பெரியவர் மட்டும் மாட்டைப் பார்க்கவில்லை. ஓடுதளத்தின் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, கட்டை விரலால் மண்ணை அழுத்திப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"என்னங்க பெரியவரே, மண்ணில் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"காலையில ஓடுன மாட்டுக்கும் மத்தியானம் ஓடுற மாட்டுக்கும் மண்ணு ஒண்ணுங்களா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு பந்தயத்துக்கு நூற்றுக்கணக்கான வண்டிகள் வருகின்றன. காலையில் தொடங்கினால் முடிய மாலை ஆகிவிடும். காலையில் மண்ணில் பனி ஈரம் இருக்கும். வெயில் ஏற ஏற ஈரம் காயும். நூறு ஜோடி மாடுகளின் குளம்பும் சக்கரமும் பட்டால் மண் தூளாகும். நடுவில் தண்ணீர் தெளித்தால் மறுபடியும் மாறும்.

தரை இறுகினால் வேகம் கூடும். புழுதியானால் கால் புதையும், வேகம் குறையும். முதல் வண்டி ஓடிய தரை வேறு. இருநூறாவது வண்டி ஓடிய தரை வேறு. ஆனால் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதுகிறோம்!

அரைச் சாண் வித்தியாசம்

இது அற்ப விஷயம் என்று நினைக்க வேண்டாம். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஜோடி 300 மீட்டரை 25 விநாடியில் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் விநாடிக்கு 12 மீட்டர். ஒரு விநாடியை நூறு பங்காக்கினால், ஒரு பங்கில் மாடு ஓடும் தூரம் 12 சென்டிமீட்டர். ஏறக்குறைய அரைச் சாண்!

அந்த அரைச் சாணில் முதல் பரிசும் இரண்டாம் பரிசும் மாறுகிறது. தங்கக் காசு கை மாறுகிறது. காலடி மண் கொஞ்சம் இளகினால் போதும், அரைச் சாண் என்ன, அரை வண்டி நீளமே போய்விடும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் அக்காவைக் கேளுங்கள். சாதாரணக் காட்டன் துணி வந்தால் மணிக்கு இத்தனை பீஸ் என்று கை தானாக ஓடும். இழுபடும் லைக்ரா துணி வந்தால் அதே கை தயங்கும். ஆள் அதே ஆள். மிஷினும் அதே மிஷின். துணி மாறிவிட்டது. அதைப் பார்க்காமல் பீஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, "இன்றைக்கு வேலை சரியில்லை" என்று சூப்பர்வைசர் சொன்னால் அந்த அக்காவுக்குக் கோபம் வருமா, வராதா?

மாட்டுக்கு மண்ணும் அப்படித்தான். அதற்குக் கோபித்துக் கொள்ள வாய் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

குதிரைக்காரர்கள் கண்ட வழி

இந்தச் சிக்கலைக் குதிரைப் பந்தயக்காரர்கள் எப்போதோ உணர்ந்துவிட்டார்கள்.

பந்தயத்துக்கு முன்னால் அவர்கள் தரையைச் சோதிக்கிறார்கள். அதற்கு ஒரு கருவி உண்டு. பெனட்ரோமீட்டர் என்று பெயர். குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து ஒரு கம்பியின் மேல் விழ விடுவார்கள். கம்பி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். ஆழமாக இறங்கினால் இளகிய தரை. இறங்காவிட்டால் கெட்டித் தரை. நம் நாட்டுப் பந்தய மைதானங்களிலும் இந்த அளவு அறிவிக்கப்படுகிறது.

ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். குதிரைகள் காலையில் பயிற்சி ஓடிய நேரம் அதில் வரும். நேரம் மட்டும் வராது. உள் மணல் தடமா, வெளி மணல் தடமா, குதிரை தானாக ஓடியதா, விரட்டி ஓட்டப்பட்டதா என்பதும் பக்கத்திலேயே வரும். இவை இல்லாமல் வெறும் நேரத்துக்கு மதிப்பில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் பில் புல் என்று ஒருவர் இருந்தார். கணக்கு வாத்தியார். குதிரை ஓடிய நேரத்தையும் தரையின் தன்மையையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். 1948-ல் டைம்ஃபார்ம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது இன்றும் குதிரைகளுக்கு மதிப்பெண் போடுகிறது.

அமெரிக்காவில் ஆண்ட்ரூ பேயர் என்ற பத்திரிகைக்காரர் 1975-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்ன யோசனை மிக எளிது. ஒரு நாளில் ஓடிய எல்லாக் குதிரைகளும் வழக்கத்தைவிட ஒரு விநாடி தாமதமா? அப்படியானால் குதிரைகள் எல்லாம் ஒரே நாளில் சோம்பேறி ஆகிவிடவில்லை. தரைதான் ஒரு விநாடி தாமதம்! அந்த ஒரு விநாடியைக் கழித்துவிட்டுப் பார்.

எவ்வளவு எளிய யோசனை, பாருங்கள்!

நம் ஊர்க் கணக்கு

இதை ரேக்ளாவுக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காகச் சில எண்களை நானே வைத்துக் கொள்கிறேன்.

காலை 9 மணியிலிருந்து 10 மணிக்குள் 30 வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் சராசரி நேரம் 26 விநாடி. பிற்பகல் 2 மணியிலிருந்து 3 மணிக்குள் இன்னொரு 30 வண்டிகள். அவற்றின் சராசரி 25.4 விநாடி. தரை இறுகி வேகம் கூடிவிட்டது என்று தெரிகிறது.

காலையில் ஓடிய செவலை ஜோடியின் நேரம் 25.8. பிற்பகலில் ஓடிய மயிலை ஜோடியின் நேரம் 25.5. பட்டியலில் மயிலைதான் முன்னால்.

ஆனால் செவலை, தன்னோடு அதே தரையில் ஓடிய வண்டிகளின் சராசரியைவிட 0.2 விநாடி வேகம். மயிலையோ தன் நேரத்துச் சராசரியைவிட 0.1 விநாடி தாமதம். உண்மையில் நல்ல ஜோடி எது? செவலை அல்லவா?

ஒரு எச்சரிக்கை. நல்ல மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் இந்தக் கணக்குத் தப்பிவிடும். ஆகவே ஓடும் வரிசையைக் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காற்றையும் மறக்கக் கூடாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்தக் காற்றை எதிர்த்து ஓடும் வண்டியும், அதன் தள்ளுதலோடு ஓடும் வண்டியும் ஒன்றாகுமா? மனிதர்களின் 100 மீட்டர் ஓட்டத்திலேயே, பின்னாலிருந்து காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் தள்ளினால் அந்த நேரத்தைச் சாதனையாக ஏற்பதில்லை.

எதற்காக இவ்வளவு கவலை?

"விளையாட்டுதானே! இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, குடும்பத்தின் பணம். ஒரு ஜோடி நல்ல நேரம் காட்டிவிட்டால் அதன் விலை ஒரே நாளில் ஏறுகிறது. கடன் வாங்கி மாடு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு நகையை வைத்துப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கியவர் தன் ஊருக்குக் கொண்டு போனால், அங்கே மாடு அந்த நேரத்தைக் காட்டுவதில்லை. "ஏமாந்துவிட்டோமே!" என்கிறார். விற்றவர் பொய் சொல்லவில்லை. மாடும் பொய் சொல்லவில்லை. சரளைச் செம்மண்ணில் ஓடிய நேரத்தை நம்பிக் கரிசல் மண்ணுக்கு மாடு வாங்கியதுதான் தவறு.

இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது. மாட்டின் கால்.

நேரம் மட்டும்தான் புகழ் என்றால் என்ன நடக்கும்? "எங்கள் ஊரில் இத்தனை விநாடியில் ஓடியது" என்று பெருமை பேசத் தரையை இறுக்கிக் கெட்டியாக்கத் தோன்றும். கெட்டித் தரை நல்ல நேரம் தரும். ஆனால் ஒவ்வொரு அடியும் மாட்டின் குளம்பிலும் மூட்டிலும் இடிக்கும். தார் ரோடு என்றால் வழுக்கவும் செய்யும். இங்கிலாந்தில் தரை மிகவும் இறுகினால், குதிரையின் காலைக் காப்பாற்றத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்கிறார்கள்.

காங்கயம் மாடு நம் பெருமை. முள்கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த இனம். டிராக்டர் வந்த பிறகு உழவில் அதற்கு வேலை குறைந்துவிட்டது. இன்று பலர் காளைக் கன்றை விற்காமல் வைத்திருப்பதற்கு ரேக்ளாவும் ஒரு காரணம். அந்தப் பந்தயமே மாட்டின் காலை ஒடித்தால் அது நியாயமா?

2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது. 2017-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றுக் கொண்டது. பாடுபட்டுக் கிடைத்த அனுமதி இது. மாட்டை வதைக்காமல் நடத்துகிறோம் என்று காட்ட, தரைக் குறிப்பைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்?

சூதாட்டத்துக்கு அல்ல!

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "இந்தக் கணக்கைக் கற்றுக் கொண்டால் பந்தயம் கட்டிச் சம்பாதிக்கலாமே!" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. வழக்கு நடந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையைச் சேர்ந்த ஆட்டம், வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. வாஸ்தவம்தான். குதிரையைக் கணிப்பதில் திறமை உண்டு.

ஆனால் பந்தயத்தில் சேரும் பணத்தில் நடத்துபவரின் பங்கும் வரியும் முதலில் போய்விடும். மிச்சம்தான் கட்டியவர்களுக்கு. நீங்கள் மண்ணைப் பார்த்தால் எதிரே கட்டுபவனும் மண்ணைப் பார்த்திருப்பான். சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வராமல் போனால், அடுப்பில் உலை வைக்கும் தாய்க்கு எந்தக் கணக்கும் ஆறுதல் தராது.

ஒரு கடப்பாரையும் ஒரு நோட்டும்

சரி, என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். வெளிநாட்டுக் கருவியும் வேண்டாம். ஒரு கடப்பாரை போதும். எப்போதும் அதே கடப்பாரை; எப்போதும் அதே இடுப்பு உயரம். ஓடுதளத்தில் ஐந்து இடங்களில் நேராக விழ விடுங்கள். எத்தனை விரற்கடை இறங்கியது என்று எழுதுங்கள். மணிக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். நடுவில் தண்ணீர் தெளித்தால் அதையும் எழுதுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று அறிய ஒரு கம்பில் துணியைக் கட்டிவிடுங்கள். திருப்பூரில் துணிக்குப் பஞ்சமா?

பரிசை இப்போது போலவே கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அறிவிக்கும்போது நேரத்தோடு தரையையும் சொல்லுங்கள். "இந்த ஜோடி இத்தனை விநாடி, தரை இத்தனை விரற்கடை, எதிர்காற்று" என்று ஒலிபெருக்கியில் ஒலிக்கட்டும். கெட்டித் தரையில் வந்த நேரத்தை ஊர் அப்போது வேறு கண்ணோடு பார்க்கும். மாடு வாங்க வந்தவரும் தெரிந்து வாங்குவார்.

படித்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். சராசரி எடுக்கப் பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும். வருகிற பொங்கலுக்குப் பந்தயம் நடத்தும் குழுக்களில் ஒரே ஒரு குழு இதைத் தொடங்கட்டும். மற்றவர்கள் தாமாகவே பின்பற்றுவார்கள்.

அந்தப் பெரியவர் கட்டை விரலால் செய்ததை நாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். அவர் கேட்ட கேள்விக்கு இத்தனை நாள் கழித்து என் பதில் இதுதான்:

"ஒண்ணு இல்லீங்க. இனிமேல் எழுதி வைக்கிறோமுங்க!"