எட்டில் ஒன்றும் இருபதில் ஒன்றும்

2020ஆம் ஆண்டில், பாராளுமன்றத் தேர்தலின் வெட்டுப்புள்ளியை மீண்டும் உயர்த்துவது பற்றிய யோசனை பேசப்பட்டுக்கொண்டிருந்த வேளை, எமது ஆசிரியபீடத்துக்கு வந்த கட்டுரையொன்றைச் செவ்வை பார்த்துக்கொண்டிருந்தேன். 1988இல் பதினைந்தாவது திருத்தத்தின் மூலம் அந்தத் தடை "எட்டில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாக உயர்த்தப்பட்டது" என்று அதில் இருந்தது. எழுதியவர் பட்டதாரி. எட்டிலும் இருபது பெரிது என்ற எண்ணம் அவரது பேனாவை இழுத்துச் சென்றுவிட்டது.

அரசியலமைப்பு பின்னத்தில் பேசுகிறது. பத்திரிகைகள் சதவீதத்தில் பேசுகின்றன. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால்தான் விடயம் துலங்கும். எட்டில் ஒன்று 0.125, அதாவது 12.5 சதவீதம். இருபதில் ஒன்று 0.05, வெறும் 5 சதவீதம். நான்கு இலட்சம் வாக்குகள் அளிக்கப்பட்ட மாவட்டமொன்றில் முன்னையதற்கு 50,000 வாக்குகள் வேண்டும். பின்னையதற்கு 20,000 போதும். அந்த எல்லைக்குக் கீழே நின்றுவிட்ட கட்சியின் வாக்குகள் ஆசனப் பகிர்வுக் கணக்கிலிருந்தே கழிக்கப்பட்டுவிடும். மாவட்டங்களில் சிதறி வாழும் சிறுபான்மையினருக்கு இடையிலுள்ள அந்த 30,000 வாக்குகள் எத்தகையன என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்போது "7.5 சதவீத உயர்வு" என்று எழுதியவர்களும் உண்டு. ஐந்திலிருந்து பன்னிரண்டரைக்குச் செல்வது 7.5 சதவீதப் புள்ளிகள்; உயர்வாகப் பார்த்தால் 150 சதவீதம்; வீட்டுத் தமிழில் இரண்டரை மடங்கு. மூன்றில் எதைத் தலைப்பாக்குகிறோம் என்பதிலும் அரசியல் இருக்கிறது. இரண்டரை மடங்கு என்று எழுதுவதே நேர்மை என்பது என் கட்சி. (தேர்தல் ஆணைக்குழுவில் பதியப்படாத கட்சி!)

தசமங்களைக் கத்தரிப்பதும் ஆபத்தே. 2005 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ஷ பெற்றது 50.29 சதவீதம். அதை 50 என்று சுருக்கினால் அவர் வென்றாரா என்பதே விளங்காது. பாதிக்கு மேற்பட்ட அந்த 0.29 என்பது ஏறத்தாழ 28 ஆயிரம் வாக்குகள். அதே தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் சுமார் 1.2 சதவீதம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றில் இரண்டை 66 சதவீதம் என்று எழுதுவதும் எம்மவரின் வழக்கம். 225 பேரில் 149 பேர் கையுயர்த்தினால் 66.2 சதவீதம் வந்துவிடும். திருத்தம் தோற்றுவிடும். வேண்டியது 150.

அந்தக் கட்டுரையில் "உயர்த்தப்பட்டது" என்பதைக் "குறைக்கப்பட்டது" என்று மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை, நான் பார்க்காத வேறொரு பக்கத்தில், அதே பிழை வந்திருந்தது.