நர்சின் கையில் சிவப்புக் கொடி

தண்டவாளத்தில் விரிசல் கண்ட கேங்மேன் சிவப்புக் கொடியை உயர்த்துகிறார். எக்ஸ்பிரஸ் வண்டி நிற்கிறது. உள்ளே மந்திரி இருக்கலாம், மில் முதலாளி இருக்கலாம். "உன் சம்பளம் என்ன? மேலதிகாரியைக் கேட்டுக்கொண்டாயா?" என்று டிரைவர் விசாரிப்பதில்லை. முதலில் வண்டியை நிறுத்த வேண்டும், விசாரணை பிறகு. ரயில்வேத் தொழிலாளர்களுக்கு இதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் இந்தக் கொடி யார் கையில் இருக்கிறது? இதுவே நம் கேள்வி.

நெடுங்காலம் அது யார் கையிலும் இருந்ததில்லை. நோயாளியின் இதயம் நின்ற பிறகே மணி அடிக்கும், டாக்டர்கள் ஓடிவருவார்கள், மார்பை அழுத்துவார்கள். பிழைத்தவர் சிலர், மாண்டவர் பலர். இதயம் முன்னறிவிப்பின்றி நிற்கிறதா? இல்லை. ஆஸ்பத்திரியிலேயே இதயம் நின்றுபோன 64 நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவின் மயாமி நகர டாக்டர்கள் செய்த ஆராய்ச்சி 1990-இல் வெளியாயிற்று. அவர்களில் 100-க்கு 84 பேருக்கு, அதற்கு முந்திய எட்டு மணி நேரத்திலேயே உடல் நிலை சீர்கெட்டு வந்தது குறிப்பேட்டில் ஏறியிருந்தது. விரிசலைக் கண்டாகிவிட்டது, எழுதியும் வைத்தாகிவிட்டது, கொடிதான் உயரவில்லை!

அதே 1990-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரின் தென்மேற்குப் பகுதியிலுள்ள லிவர்பூல் ஆஸ்பத்திரியில் டாக்டர் கென் ஹில்மனும் அவருடைய சகாக்களும் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இதயம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்; உடல் சரியத் தொடங்கும்போதே தீவிர சிகிச்சையில் பழகிய டாக்டரும் நர்சும் கொண்ட அவசரக் குழு படுக்கையருகே வந்து நிற்க வேண்டும் என்பது அந்த ஏற்பாடு. கூப்பிட வேண்டிய தருணத்தையும் எண்களால் வரையறுத்தார்கள். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட விதிகள் இவை: நாடி நிமிஷத்துக்கு 40-க்குக் கீழே போனாலும் 140-க்கு மேலே போனாலும், மூச்சு 5-க்குக் குறைந்தாலும் 36-க்கு மிஞ்சினாலும், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே இறங்கினாலும், நினைவு திடீரென மங்கினாலும் கூப்பிட வேண்டும்.

கடைசி விதி ஒன்று உண்டு. எண் எதுவும் மீறவில்லை. ஆனாலும் இந்த நோயாளியைப் பற்றி உனக்குக் கடுமையான கவலை ஏற்படுகிறதா? அது போதும், கூப்பிடு!

தோழர்களே, இந்த விதியின் பொருளைக் கவனியுங்கள். தறியின் ஓசை மாறுவதை முதலில் கேட்பவர் நெசவுத் தொழிலாளி, இஞ்சினீயர் அல்ல. அதுபோல, காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் சோற்றைத் தொடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார் என்பது எட்டு மணி நேரம் அந்த வார்டில் நிற்கிற நர்சுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு எழுத்து மூலமாக அதிகாரம் கொடுத்த விதி இது.

குழு வந்ததும் நர்சின் வேலை முடிந்துவிடுவதில்லை. வருகிறவர்கள் ஆபத்தை அறிந்தவர்கள், ஆளை அறியாதவர்கள். எப்போது முதல் மூச்சு வாங்குகிறது, கடைசியாக எந்த மருந்து போயிற்று, சிறுநீர் எவ்வளவு இறங்கிற்று என்று நான்கு வாக்கியத்தில் சொல்ல வேண்டியவர் வார்டு நர்சு. அவர் சொல்வது தவறினால் குழு இருட்டில் துழாவ வேண்டியதுதான். குழு திரும்பிப் போன பின், நிமிஷக் கணக்குப் பார்த்து அந்தப் படுக்கையருகே மறுபடி மறுபடி போய் நிற்பவரும் அவரே. சில குழுக்கள் வந்தவுடன் வார்டு நர்சை ஓரந்தள்ளிவிடுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படி ஓரந்தள்ளப்பட்டவர் அடுத்த முறை கூப்பிடத் தயங்கினால் குற்றம் யாருடையது?

23 ஆஸ்திரேலிய ஆஸ்பத்திரிகளில் இந்த முறையைச் சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். குழு அமைத்த ஆஸ்பத்திரிகளில் எதிர்பாராத சாவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்துவிடவில்லை! "பார்த்தீர்களா, வீண் செலவு" என்றனர் சிலர். ஆராய்ச்சியை முழுக்கப் படித்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கூப்பிட வேண்டிய நிலை வந்தும் பல நோயாளிகளுக்கு அழைப்பே போகவில்லை. கூப்பிடாத குழு எப்படிக் காப்பாற்றும்? பிற்காலத்தில் பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு அறிக்கை, இத்தகைய குழுக்களால் இதய நிறுத்தமும் சாவும் குறைகின்றன என்றே காட்டிற்று.

ஏன் கூப்பிடவில்லை? சட்டம் கூப்பிடச் சொன்னது, பயம் தடுத்தது. "இதற்கெல்லாமா குழுவை அழைப்பது?" என்று பெரிய டாக்டர் சீறுவாரே என்ற பயம். முதலில் வார்டு டாக்டருக்குச் சொல்வோம், அவர் தூங்குகிறாரா பார்ப்போம், அவர் தம் மேலவரைக் கேட்கட்டும் என்று படி ஏறி ஏறி இறங்குவதற்குள் விடிந்துவிடுகிறது. சில சமயம் நோயாளிக்கு விடிவதில்லை.

2005 நவம்பரில் சிட்னியில், கோல்ஃப் பந்து தலையில் பட்டுச் சேர்க்கப்பட்ட 16 வயதுப் பெண் ஆஸ்பத்திரியிலேயே இறந்தாள். வலி மருந்துகள் மூச்சை அடக்கிவிட்டன என்றது மரண விசாரணை. அதன்பின் சர்க்கார் நியமித்த பீட்டர் கார்லிங் கமிஷன் 2008-இல் 139 பரிந்துரைகள் செய்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2010-இல் கொண்டுவந்த திட்டத்துக்கு 'கொடிகளுக்கு இடையே' என்று பெயர். அந்நாட்டுக் கடற்கரையில் நீந்தத் தகுந்த இடத்தைச் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நட்டுக் காட்டுவார்கள். அதைப் போலவே நோயாளியின் அட்டையில் மஞ்சள் பட்டை, சிவப்புப் பட்டை. புள்ளி சிவப்பில் விழுந்தால் குழுவை அழைத்தே தீர வேண்டும். யாருடைய அனுமதியும் தேவையில்லை. பயத்தை வண்ணத்தால் வெட்டப் பார்த்த முயற்சி. நல்ல முயற்சி.

ஆனால் வேலையே நிலையில்லாதவருக்கு எந்த வண்ணம் துணிவு தரும்? தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வு எழுதித் தேறி ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட நர்சுகள், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வேலை செய்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கேட்டது பணி நிரந்தரம். அதைச் சம்பளத் தகராறு என்று எழுதியவர்கள் உண்டு. நாளைக்கு வேலை உண்டா என்று அறியாத பெண், நள்ளிரவில் பெரிய டாக்டரைத் தாண்டிக் குழுவை அழைப்பாரா? அது நோயாளியின் தகராறும்தான்.

இன்னொன்று: விரிசலைக் காணவே நேரம் வேண்டும். மூச்சை எண்ணுவதற்குக் கருவி பெரும்பாலான வார்டுகளில் இல்லை. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து முழு நிமிஷம் எண்ண வேண்டும். அதிகமாக விட்டுப்போகும் கணக்கு அதுதான். அபாயத்தை முந்திக் காட்டுவதும் அதுதான். ஒரு நர்சுக்கு முப்பது படுக்கை என்றால் மூச்சை மட்டும் எண்ணவே அரை மணி! அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான கணக்கு என்ன சொல்கிறது? நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 100-க்கு 7 கூடுகிறது. எனவே அவசரக் குழுவின் தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டு நர்சு எண்ணிக்கையைக் குறைக்கிற நிர்வாகம், கொடியைக் கொடுத்துவிட்டுக் கேங்மேனின் கண்ணைக் கட்டுகிறது.

இதற்கும் வழி கண்டவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நர்சுகளின் சங்கம் 2000-இல் பெரிய ஆஸ்பத்திரிகளின் பகல் வார்டுகளில் 20 நோயாளிக்கு 5 நர்சு என்ற உரிமையைத் தொழில் தீர்ப்பின் மூலம் பெற்றது. 2011-இல் அங்கிருந்த சர்க்கார் அதில் கை வைக்கப் பார்த்தது. ஒன்பது மாதம் போராடினார்கள், படுக்கைகளை மூடினார்கள், வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். 2012 மார்ச்சில் விகிதம் நிலைத்தது. 2015-இல் அதுவே சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தின் பெயரில் சம்பளமும் இல்லை, சங்கமும் இல்லை. 'நோயாளிப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.