ஏழு பந்தயங்களும் ஒரு மைதானமும்

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, வரலாறு)

“ஏங் கண்ணு, பந்தெறிஞ்சாச் சோறு கெடைக்குமா?”

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் அம்மிச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது. மட்டையும் கையுமாக வீடு திரும்பும் கொங்கு நாட்டுப் பிள்ளை எவனும் இக்கேள்விக்குத் தப்பியதில்லை. இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நேர்மையாக விடை சொல்ல முயல்வதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்திரேலிய நாட்டில் ஒருவகைக் காற்பந்தாட்டம் உண்டு. நாம் ஆடும் காற்பந்து வேறு, அது வேறு. அங்கே பந்தும் நீள்வட்டம், களமும் நீள்வட்டம், அணிக்குப் பதினெட்டுப் பேர். 1859-இல் மெல்போர்ன் நகரில் விதிகள் எழுதப்பெற்ற ஆட்டம் அது. கோடையில் கிரிக்கெட் ஆடும் அதே களத்திலேயே குளிர்காலத்தில் அதனை ஆடுகிறார்கள். சின்னஞ்சிறு ஊர்களிலும் இப்படியொரு பொதுக்களத்தைக் காணலாம். பெரிய அணிகளுக்குப் போகும் வீரர்கள் பலரும் அத்தகைய ஊர்க்களங்களில் ஓடிப் பழகியவர்களே. பிரிஸ்பேன் நகரத்துக் கப்பா மைதானமும் இரு ஆட்டங்களுக்கும் பொதுவானது.

2021 ஜனவரி 15 அன்று அந்தக் கப்பாவில் இந்தியாவுக்காகப் பந்து வீச வந்தார் நம்மவர் ஒருவர். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்த தங்கராசு நடராஜன் அவர்.

தந்தை தறித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கோழிக்கறி விற்றவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். இருபது வயதுவரை அவர் கையில் சுழன்றது டென்னிஸ் பந்துதான். ஊரிலேயே அவர் திறமையைக் கண்டு சென்னைக்கு வழிகாட்டியவர் ஜெயப்பிரகாஷ். அந்த நன்றியை மறவாத நடராஜன், அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தம் சட்டை முதுகிலேயே பொறித்துக்கொண்டு ஆடினார்.

2015-இல் ரஞ்சிப் போட்டியில் தமிழ்நாட்டுக்காகக் களம் இறங்கினார். பந்தெறியும் முறை ஐயத்துக்குரியது என்று புகார் எழுந்தது. வேறொருவராயின் ஊருக்குத் திரும்பித் தறியில் உட்கார்ந்திருப்பார். அவரோ கையின் பழக்கத்தையே மாற்றிக்கொண்டு மீண்டும் வந்தார். 2017-இல் பஞ்சாப் அணி மூன்று கோடி ரூபாய்க்கு அவரை ஏலத்தில் எடுத்தது. 2020 இறுதியில், வலைப்பயிற்சிக்குப் பந்து வீசும் ஆளாக ஆஸ்திரேலியா சென்றார். மற்றவர்கள் காயம்பட, ஒருநாள் பந்தயம், இருபது ஓவர்ப் பந்தயம், டெஸ்ட் பந்தயம் என மூன்றிலும் அந்த ஒரே பயணத்தில் அறிமுகமானார். இந்தியர் எவரும் அதற்குமுன் அவ்வாறு அறிமுகமானதில்லை. கப்பாவில் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தினார். 1988-க்குப் பிறகு அங்கே டெஸ்ட் பந்தயத்தில் தோல்வியே காணாத ஆஸ்திரேலியா, அப்பந்தயத்தில் தோற்றது. இடையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊர் திரும்பிய பிறகே மகளின் முகம் பார்த்தார். குதிரை பூட்டிய தேரில் ஊரே அவரை அழைத்துச் சென்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது திரைப்படம். வாழ்க்கை அவ்வாறு முடிவதில்லை! அதே ஆண்டு ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. இந்திய அணிக்காக அவர் ஆடியவை ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர்ப் பந்தயங்கள், ஆக ஏழு. 2024-இல் ஐ.பி.எல். போட்டியில் 19 விக்கெட்டுகள் எடுத்தார். டெல்லி அணி 10.75 கோடிக்கு ஏலம் கேட்டது. அடுத்த ஆண்டு அந்த அணிக்காக அவர் ஆடியவை இரண்டே பந்தயங்கள்!

ஏழே பந்தயங்கள் என்று இரங்குவோர் உண்டு; கோடிகளை எண்ணி வியப்போரும் உண்டு. இரு சாராரும் ஒன்றை மறக்கிறார்கள். சின்னப்பம்பட்டியில் அவர் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் அதனைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். முழங்கால் தேயும், ஏல விலை ஏறும், இறங்கும். ஊருக்குக் கிடைத்த களமோ அடுத்த தலைமுறைக்கும் நிற்கும். அவர் விளையாட்டு வாழ்வின் பெரிய வெற்றி அதுவே என்பது என் கருத்து.

“ஒரு நடராஜனுக்குப் பின்னால் ஆயிரம் பேர் தோற்றிருப்பார்களே! படிப்பை விட்டு ஆடச் சொல்கிறாயா?” என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். இல்லை. என்னோடு ஆடியவர்களில் மிக வேகமாகப் பந்தெறிந்தவன் இன்று ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். அதில் இழிவு ஏதும் இல்லை. எங்கள் ஊர் பிழைப்பதே அந்த உழைப்பால்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் ஆட ஓர் இடம் இல்லையே, அதுதான் என் குறை. பாலமலை அடிவாரம்வரை சைட் கற்கள் நட்டாகிவிட்டது. நாங்கள் ஸ்டம்பு நட்ட நிலத்தில் இன்று வரிசையாக வீடுகள். உடற்கல்விக் கல்லூரி உள்ள ஊர் எங்களுடையது. உடற்பயிற்சி ஆசிரியர்கள் உருவாகும் ஊரிலேயே தெருப்பிள்ளைகள் சாலையில் வண்டிகளுக்கு நடுவே பந்தடிக்கிறார்கள்!

மைதானம் என்பது வீரர்களை வார்க்கும் ஆலை மட்டுமன்று. ஆயிரவரில் ஒருவர் கப்பாவுக்குப் போகட்டும். மற்ற 999 பேருக்கும் உடல்நலமும் தோழமையும் தோல்வியைத் தாங்கும் மனமும் கிடைக்கட்டும். நகரத்தில் ஒரு பெரிய அரங்கம் கட்டும் செலவில் எத்தனையோ ஊர்களுக்குக் களம் தரலாம். வீட்டுமனைப் பிரிவுகளில் பொதுவுக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பொதுவாகவே வைத்திருந்தாலும் போதும். அதைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் நாம். கிராமசபையில் இளைஞர்கள் எழுந்து நின்று கேட்கட்டும்.

பந்தெறிந்தால் சோறு கிடைக்குமா? சிலருக்கே கிடைக்கும் அம்மிச்சி. ஆனால் சோற்றுக்காக வாரமெல்லாம் உழைப்பவன் ஒரு மாலைப் பொழுதாவது ஓடியாட ஊரில் இடம் வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.