பார்வேட்டைப் பந்தியில் காகித இலை

திருமுக்கூடல் உறவுகளுக்கு,

தை மாதம் ஊருக்கு வந்து திரும்பியதிலிருந்து இந்த மடலை எழுத வேண்டும் என்று மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பார்வேட்டைத் திருவிழா அன்று கூடிய ஐந்து பெருமாளையும் ஒருசேரச் சேவித்துவிட்டு நம் தெருப் பந்தியில் உட்கார்ந்தேன். இலை விழுந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்தபோதுதான் தெரிந்தது, அது இலை இல்லை. நடுத்தண்டு, நரம்பு, பச்சை எல்லாம் அச்சடித்த காகிதம். மேலே பிளாஸ்டிக் பூச்சு. சுடச்சுடச் சோறு விழுந்தும் அந்த வாழை இலை வாசனை எழவில்லை.

பரிமாறிய பிள்ளைகளிடம் சத்தம் போட்டேன். "மாமா, இலைக்கட்டு என்ன வெல விக்குதுன்னு தெரியுமா? ரெண்டு வாரத்துக்கு வருவீங்க, பேசிட்டுப் போயிடுவீங்க" என்றான் ஒருவன். பதில் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தேன். பதில் கிடைத்தது வேறொரு தீவில்; அதை இப்போது எழுதுகிறேன்.

மார்ச்சில் எங்கள் கல்யாணத்துக்கு 25 வருஷம் நிறைந்தது. நானும் வீட்டில் அவளும் மாண்ட்ரியால் பனியிலிருந்து நாலு நாள் தப்பித்து, கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்குப் போனோம். கடற்கரை விடுதி வேண்டாம் என்று அவள் சொன்னதால் கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற விவசாய ஊரில் ஒரு வீட்டு மாடியில் தங்கினோம். மேற்கே சூஃப்ரியேர் எரிமலை, கிழக்கே அட்லாண்டிக், நடுவே கண்ணுக்கெட்டியவரை வாழை. ஒவ்வொரு தாருக்கும் நீல நிறப் பை மாட்டியிருந்தார்கள். காலையில் அந்த வரப்புகளில் நடந்தபோது இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. அவளுக்குக் காஞ்சிபுரத்துத் தறிச் சத்தத்தில் வளர்ந்த காது. எனக்குப் பாலாற்றங்கரை வாழைக் கொல்லையில் வளர்ந்த மூக்கு.

மறுநாள் ஷாங்ஜி என்ற இடத்தில் சாலையோரமாக ஒரு கோயில். வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்களைப் பார்த்ததும் அவள் காரை நிறுத்தச் சொன்னாள். அங்கே மாரியம்மனுக்கு மலியெமின் என்று பேர். மதுரை வீரன் மல்தெவிலின் ஆகிவிட்டார். மத்தளத்தை மத்தலோன் என்கிறார்கள். விடிய விடிய ஆடும் நாடகம் அவர்களுக்கு நத்ரோன்.

இந்தக் கோயில்காரர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1848இல் பிரான்சு தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று அந்தத் தீவைத் தொட்டது. 1889 வரை வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். அவர்கள் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமைகூடக் கிடையாது என்றார்கள். அதே கப்பெஸ்தேரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904இல் வழக்குத் தொடுத்து 1923 வரை போராடினார். சிதம்பரம்! அந்தப் பெயரை நான் பிரெஞ்சு எழுத்தில் படித்துவிட்டு அவளுக்கு உரக்கச் சொன்னேன்.

தங்கிய வீட்டுக்காரப் பாட்டி மூன்றாம் நாள் தன் உறவுக்காரர் வீட்டுப் பூசைக்கு அழைத்துப் போனாள். முப்பது வயதில் வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட என் பிரெஞ்சு அன்றைக்குத்தான் முழுசாகப் பயன்பட்டது. ஆட்டுக்கறிக் குழம்பு. அதை அங்கே கொலோம்போ என்கிறார்கள். தரையில் வரிசையாக உட்கார்ந்து, கையால், வாழை இலையில் சாப்பாடு. நிஜ இலை. கொல்லையில் அறுத்து, ஏடு ஏடாகக் கிழித்தது. என் மனைவி வழக்கம்போல் தண்ணீர் தெளித்தாள். பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பாட்டி இப்படித்தான் செய்வாள்" என்றாள். அந்தப் பாட்டிக்குத் தமிழில் ஒரு வாக்கியம் வராது.

அந்த மண்ணுக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டுக்காக 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற நஞ்சைத் தோட்டங்களில் போட்டார்கள். இன்றும் அது மண்ணிலும் ஆற்றிலும் இருக்கிறது. அங்குள்ள பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் இருக்கிறது. மண் கெட்டு, மொழி போய், பெயர் திரிந்து, 170 வருஷம் கழிந்தும் இலையை விடவில்லை அவர்கள். நமக்கு என்ன கேடு வந்தது?

பிளாஸ்டிக் பூசிய தட்டுகளைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதலே தடை செய்துவிட்டது. சட்டம் கிடக்கட்டும். பதினைந்து நோயாளிகளுக்குக் கட்டிலும் கஞ்சியும் மருந்தும் வைத்துப் பார்த்த ஆதுலர்சாலையைக் கோயில் சுவரில் கல்வெட்டாக வைத்திருக்கிற ஊர் நம்முடையது. பெருமாள் வந்த அன்று வயிறார உண்டுவிட்டு, அந்தக் காகிதத்தை ஆற்று மணலில் வீசிவிட்டுப் போகிறோம். அடுத்த வெள்ளத்தில் அது எந்த ஊர் மதகை அடைக்குமோ.

இவ்வளவு பேசுகிறவன் யார் என்று அந்தப் பையன் கேட்டது நியாயம். அப்பா போன பிறகு கிணற்றடிக் கொல்லையை விற்றவன் நான்தான். பார்வேட்டைக்கு அங்கேயிருந்துதான் இலை போகும். மாண்ட்ரியாலில் வீடு வாங்க முன்பணம் குறைந்தது, விற்றேன். இப்போது அங்கே ஜல்லி குவிந்து கிடக்கிறது. மாண்ட்ரியால் வீட்டில் வளர்ந்த என் மகள் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. கப்பெஸ்தேர் பாட்டியின் முகத்தில் நான் என் பேத்தியின் பேத்தியைப் பார்த்தேன். பயந்துபோனேன்.

தம்பி, உன் மேல் கோபம் இல்லை. நீ கேட்ட விலைக்கு என்னால் முடிந்தது இது. ஊரில் யாராவது கிணற்றுப் பாய்ச்சல் உள்ள இடத்தில் 50 வாழைக் கன்று வைக்க விடுங்கள். கன்றும் கூலியும் என் பொறுப்பு. ஆடியில் நாங்கள் இருவரும் வருகிறோம், நானே குழி எடுக்கிறேன். ஆடியில் வைத்தால் தைக்குள் இலை அறுக்கலாம். இடம் யார் தருகிறீர்கள் என்று மட்டும் வைகாசிக்குள் சொல்லி அனுப்புங்கள்.