பைக்குக் காவல் யார்?

சுற்றுலா போனால் பைக்குக் காவல் இருப்பது பெண்கள் வேலை என்று யார் எழுதி வைத்தது?

மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் 1904 முதல் எரிகிறது. கருங்கல் கோபுரம். பக்கத்திலேயே பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். முன்பு அதன் கூரை மேல்தான் விளக்கு வைத்திருந்தார்களாம். பல வருஷம் மூடிக் கிடந்த கோபுரத்தை 2011-ல் மறுபடி பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் ஏறுவது யார்? ஆண்களும் பிள்ளைகளும்தான். "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்" என்று செருப்பு, தண்ணீர் பாட்டில், புளிசாதக் கூடையோடு அம்மாக்கள் கீழேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். மூட்டுவலிக்காரர்களைச் சொல்லவில்லை, நன்றாக நடக்கிறவர்களும்தான்!

எங்கள் அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடைக்கும். ஆனால் நிஜக் கடலை உயரத்திலிருந்து பார்க்கிற வாய்ப்பு இங்குள்ள பெண்களுக்கு ஆயுசில் எத்தனை முறை வரும்?

போன முறை என் நாத்தனாரைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு ஏறினேன். குறுகலான படியில் மூச்சு வாங்கியது. மேலே போனதும், "கடற்கரைக் கோயில் கொலு பொம்மையாட்டம் இருக்கு அண்ணி!" என்று கத்திவிட்டாள்.

கீழே அரை மணி நேரம் பை பிடித்திருந்த என் கணவருக்குக் கை ஒன்றும் வலிக்கவில்லை.

- ஒரு வாசகி, அரியலூர்.